அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு n

9 ஜூன் 2025, திங்கள்

இன்றும் மூன்று நிமிடம்தான். "சாப்ட்டியா?" என்றார். "ஸ்கூல் தொறந்துட்டாங்களா?" என்றார். "சரி வெச்சிடட்டா, ஷிஃப்டுக்குப் போவணும்" என்றார். புருஷன் பெண்டாட்டி பேச்சா இது? கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள்கூட இதைவிட அதிகம் பேசுவாள்.

அவர் வேலையே நீளத்தை நிறுத்துகிற வேலை. குஜராத்தில் ஒரு செயற்கை ரப்பர் கம்பெனி. ரப்பர் என்றால் சங்கிலி சங்கிலியாக வளருகிற சரக்கு. அது எவ்வளவு தூரம் வளரலாம் என்று முடிவு பண்ண ஒரு மருந்து உண்டு, மாடிஃபையர் என்பார்கள். அதை அளந்து விடுவது இவர். போன வருடம் ஒருநாள், "பேச்சுக்கும் மாடிஃபையர் போடறீங்களா?" என்று கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். இன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வைப்பதற்கு முன்னால், ஏதோ ஊர்ச்சேதி சொல்வதுபோல் சொன்னார்: "இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. நவம்பர் கடைசிக்குள்ள சொல்லணும்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கலாம்."

பாக்கலாமாம். ஏற்கெனவே இரண்டரை வருடம் ஆகிவிட்டது. ஜனவரியில் லீவுக்கு வந்துவிட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இன்னும் மூன்று வருடம் என்றால் எனக்கு முப்பத்தைந்து ஆகும். வராதீர்கள் என்று நான் சொன்னேனா? — சொன்னேன். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசமாகச் சொன்னேன். இன்றைக்கு அதை எழுத மனசில்லை.

11 ஜூன், புதன்

எழுதித் தொலைக்கிறேன். எழுதாவிட்டால் மட்டும் மறந்துவிடப் போகிறதா.

போன பொங்கலுக்கு முந்தின வாரம். விடிகாலையில் வந்து இறங்கினார். பையை ஹாலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பை நிறைய வேலைக்குப் போடுகிற சட்டைகள். அந்த மாடிஃபையர் மெர்காப்டன் வகை. சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று சிலிண்டரில் கலக்கிறார்களே, அதற்கு இது பங்காளி. அழுகின வெங்காயமும் முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் துணியை விட்டுப் போகாது.

கீழ்வீட்டு ராணியம்மாள், எங்கள் ஹவுஸ் ஓனர், பாதிப் படி ஏறினார். மூக்கை உறிஞ்சினார். "ஐயோ, கேஸு லீக்காவுது! யாரும் லைட்ட போடாதீங்க!" என்று ஒரே கத்தல். தெருவே கூடிவிட்டது. நாலு பெண்கள் உள்ளே வந்து ஜன்னலையெல்லாம் திறந்தார்கள், சிலிண்டரைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். ஈரத்துண்டோடு வெளியே வந்த மனுஷன் விஷயம் புரிந்ததும் பையைத் தூக்கிக் காட்டினார். தெரு சிரித்தது. அவரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாளே மல்லி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தவள் நான். பூவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பெல்லாம் நான் உள் அறையில் இருந்தால்கூட வாசலிலேயே "இன்னைக்கு மல்லியா?" என்பார். அந்த எரிச்சலும் தெருச் சிரிப்பும் சேர்ந்துகொண்டன. அத்தனை பேர் எதிரில் சொன்னேன்: "இந்த நாத்தத்தோட என் கட்டில் பக்கம் வராதீங்க."

"அவ்ளோ நாறுதா? எனக்குத் தெரியலயே" என்று ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். திருப்பி ஒருமுறை முகர்ந்தார். நடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஹாலில் பாய் போட்டுப் படுத்தார். லீவு நாலு நாள் மிச்சம் இருக்கும்போதே கிளம்பிப் போனார்.

22 ஜூன், ஞாயிறு

எங்கள் ஸ்கூல் தமிழ் மிஸ் ஆண்டாள் வெள்ளிமலையில் வீடு கட்டியிருக்கிறாள். இன்றைக்குப் புதுமனை புகுவிழா. கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். போயிருக்கக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் இதே ஜூனில் பைக்கில் போனோம். ஒரு வளைவில் திடீரென்று வண்டியை நிறுத்திவிட்டார். "பழுத்துட்டுது சுதா. இங்கதான் எங்கயோ." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, புதருக்குள் போய், ஒரு வீட்டுக் கொல்லையில் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்த பலாப்பழத்தின் எதிரில் போய் நின்றார். அந்த வீட்டு அம்மா அசந்துபோய், "மூக்கா இல்ல வேற இன்னாவா உனக்கு!" என்றது. முழுப் பழத்தையும் வெட்டச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து தின்றோம். வீட்டுக்கு வரும்வரை பைக் ஹாண்டில் பிசுபிசுவென்று ஒட்டியது.

ஆண்டாள் ஒரு பழத்தைக் கட்டிக் கொடுத்தாள். ஒரே ஆளாக என்ன செய்ய? கீழே ராணியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். மாடி வரைக்கும் வாசனை. தூக்கம் வரவில்லை.

14 ஜூலை, திங்கள்

பீரோவுக்குப் பின்னால் ஒரு சட்டை விழுந்து கிடந்தது. நீலம், பாக்கெட்டில் கம்பெனி நம்பர். ஜனவரியில் அத்தனையையும் ஐந்து தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து அனுப்பினேன். இது மட்டும் தப்பித்திருக்கிறது.

நாறுகிறது. ரொம்ப நாறுகிறது. முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பாலிதீன் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, புடவைகளுக்கு அடியில் வைத்தேன். வாசம் வெளியே போய்விடக் கூடாது. கெமிஸ்ட்ரி டீச்சர், முப்பத்திரண்டு வயசு, எம்.எஸ்ஸி., பி.எட். — வெட்கமாக இல்லையா உனக்கு?

இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தாலிக்கயிறு மாற்றினேன். முடிச்சு போட ஆள் இல்லை, நானே கண்ணாடியில் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.

19 செப்டம்பர், வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்பில் இன்று பாலிமர் பாடம். ப்யூட்டாடையீனும் ஸ்டைரீனும் சேர்ந்தால் ப்யூனா-எஸ் ரப்பர். போர்டில் எழுதி, பெரிய அடைப்புக்குறி போட்டு, வெளியே கீழ்மூலையில், சங்கிலியில் எத்தனை கண்ணி என்பதற்கு, n என்று எழுதினேன். வழக்கம்போல.

முதல் பெஞ்சு செந்தமிழ்ச்செல்வி எழுந்தாள். "மிஸ், அந்த n எவ்ளோ?"

"எவ்வளவு வேண்டுமானாலும்."

"அப்டின்னா நிக்கவே நிக்காதா மிஸ்? யாரு நிறுத்துவாங்க?"

பாடப் புத்தகத்தில் அது இல்லை. பரீட்சைக்கு வராது என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். எட்டு வருடமாக எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை. "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். யார் நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஆள் என் தாலியில்தானே இருக்கிறார்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "ஒரு பொண்ணு கேள்வி கேட்டா. நீங்கதான் பதில் சொல்லணும்."

குரலே மாறிவிட்டது அவருக்கு. "நல்லா கேட்டுக்க. சங்கிலி ஒவ்வொன்னா கைகோத்துக்கினு போய்க்கினே இருக்கும். சும்மா வுட்டா நீளம் ஜாஸ்தியாயி கல்லு மாதிரி ஆயிடும், மிஷின்ல அரைக்க முடியாது. மருந்து ஜாஸ்தி போட்டாலோ பிசின் மாதிரி ஒட்டிக்கும், ஒன்னுத்துக்கும் ஆவாது. டன்னு கணக்கான சரக்குக்குக் கொஞ்சூண்டுதான் வுடுவேன்."

"அது போயி சங்கிலிய வெட்டிடுமா?"

"வெட்டாது. அதான் எல்லாரும் தப்பா நெனைக்கறாங்க. ஒரு சங்கிலிகிட்ட போயி, நீ போதும் நில்லுன்னு சொல்லும். அதோட வேகத்த தான் வாங்கிக்கும். வாங்கி, வேற எடத்துல புதுசா ஒரு சங்கிலிய ஆரம்பிச்சி வெக்கும். நின்ன வேகம் வீணாவாது சுதா."

பதினெட்டு நிமிடம் பேசினோம். பதினெட்டு! சண்டையும் சட்டையும் இல்லாத பேச்சு. வைக்கும்போது "தீபாவளிக்கு வாங்களேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்து என்ன. "சரி, உடம்ப பாத்துக்குங்க" என்றுதான் சொன்னேன். என் வாய்க்கு நான் பட வேண்டியதுதான்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. லீவு கிடைக்கவில்லையாம். கேட்டாரா என்பதே சந்தேகம். சட்டையை எடுத்துப் பிரித்தேன். நாற்றம் போய்விட்டது. வெறும் பாலிதீன் வாசனை.

4 நவம்பர், செவ்வாய்



ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கேட்டிலேயே ராணியம்மாள் மடக்கினார். ஒரே சிரிப்பு. "இன்னா டீச்சர், சொல்லவே இல்ல? வூட்டுக்காரரு வந்துட்டாரு போல?"

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? மாடியிலேர்ந்து அப்பவே வாசன வருது. போன வாட்டி மாதிரி கத்தி மானத்த வாங்கக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருக்கறேன்."

எப்படிப் படி ஏறினேன் என்று தெரியாது. அவரிடம் ஒரு சாவி உண்டு. பாதிப் படியிலேயே எனக்கும் அடித்தது — அதே. அதேதான். கதவைத் திறந்ததும் முகத்தில் மோதியது. வாய்விட்டுச் சிரித்தேன். "வந்துட்டீங்களா! ஒரு ஃபோன் பண்ண மாட்டீங்களா!" என்று ஹாலிலிருந்து உள் அறைக்கு, உள் அறையிலிருந்து பாத்ரூமுக்கு ஓடினேன். தூங்குகிறாரோ, ஒளிந்துகொண்டு விளையாடுகிறாரோ என்று கட்டிலைக்கூடத் தடவிப் பார்த்தேன். லைட் போட ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன். வைத்துவிட்டேன்!

அப்போதுதான் திறந்து கிடந்த வாசல் கதவு கண்ணில் பட்டது. வாசலில் என் செருப்பு மட்டும் இருந்தது.

ஐயோ.

கையை மெதுவாக எடுத்தேன். சமையலறையில் உஸ்ஸென்று சத்தம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, படியில் வந்து உட்கார்ந்தேன். கேஸ் டியூப் அடுப்புப் பக்கம் வெடித்துப் பிளந்திருந்தது. மேலே 2020 என்று அச்சு. எங்கள் கல்யாணத்துக்கு வாங்கினது. "அஞ்சு வருசம் ஆனா ரப்பர் செத்துடும், மாத்திடு" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். காலையில் அவசரத்தில் ரெகுலேட்டரையும் மூடாமல் போயிருக்கிறேன்.

ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நெஜமா லீக்காவும்போது வாய மூடிக்கினு இருந்தேனே பாவி!" அவரைச் சமாதானப்படுத்தினேன். அவராவது மூக்கை மட்டும் நம்பினார். நான்? வருடா வருடம் பிள்ளைகளுக்கு இந்த வாசனை எதற்கு என்று பாடம் நடத்துகிறவள்.

பயந்துதான் அழுகிறேன் என்று தெரு நினைத்தது. இல்லை. அவர் வரவில்லை என்றுதான் அழுதேன்.

5 நவம்பர், புதன்

சொல்லிவிட்டேன். ஸ்விட்ச் வரைக்கும் கை போனதையும் சொன்னேன்.

"கேஸ் நாத்தம்னு தோணவே இல்லயா உனக்கு?"

"இல்ல. நீங்கன்னுதான் நெனச்சேன். ஓடி ஓடித் தேடனேன்."

பிறகு மெதுவாக, "சுதா, எனக்கு மூக்கு போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது" என்றார்.

புரியவில்லை எனக்கு.

"மருந்துகிட்டயே நின்னுக்கினு இருந்ததுல. மொதல்ல அந்த வாசன தெரியாம போச்சு. அப்பறம் எதுவுமே தெரியல. கொழம்பு, சோப்பு, எதுவும். அன்னைக்கு நாறுதுன்னு நீ சொன்னியே, சத்தியமா எனக்குத் தெரியல. அப்பறம் பயமாயிடுச்சி. நான் எப்ப நாறுவேன்னு எனக்கே தெரியாம உன் பக்கத்துல எப்படி வந்து படுக்கறது? அதான் வரல."

அந்த மல்லி! அவருக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவ்வளவு பேர் முன்னால் —

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மூக்கு போச்சுன்னு எப்படிச் சொல்றது? உனக்கு என்னப் புடிச்சதே அந்த மூக்குதானே."

அழுதுகொண்டே கத்தினேன். "உங்க மூக்கும் வேணாம் ஒன்னும் வேணாம். வாங்க. நாத்தத்தோடயே வாங்க. நான் சொன்னது தப்பு. தப்புங்க. எனக்கு நீங்க வேணும், வந்துடுங்க." பத்து மாதமாகத் தொண்டையில் கிடந்தது. கீழே ராணியம்மாளுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மூன்று வருடக் கையெழுத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

17 நவம்பர், திங்கள்

டாக்டரைப் பார்த்தாராம். "திரும்ப வரலாம், வராமயும் போவலாம்" என்றாராம். டாக்டர் ஆவதற்கு இதைத்தான் படிக்கிறார்களா?

30 நவம்பர், ஞாயிறு

காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டேன். நாலு மணிக்குக் கூப்பிட்டார்.

"போடல சுதா."

"இன்னா போடல?"

"கையெழுத்து. இந்த மாசம் மொதக்கொண்டு மருந்து பக்கம் வேணாம்னு பேக்கிங்குக்கு மாத்திக்கினேன். சம்பளம் கம்மிதான். புது ஆளுக்கு வேலய காட்டிக் குடுத்துட்டு, பொங்கலுக்கு வந்துடறேன். உளுந்தூர்பேட்ட பக்கம் செருப்புக் கம்பெனில அடி ரப்பருக்கு ஆள் எடுக்கறாங்களாம். கெடச்சா பாக்கலாம்."

பாக்கலாம். ஜூனில் இதே வார்த்தைதான். இன்றைக்குக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

9 ஜனவரி 2026, வெள்ளி

காலை பிரேயரில் போகிப் பேச்சு என் தலையில் விழுந்தது. டயர் கொளுத்தாதீர்கள், ப்ளாஸ்டிக் கொளுத்தாதீர்கள், புகையில் கந்தகம் இருக்கிறது, நுரையீரல் கெடும் என்று பத்து நிமிடம் முழங்கினேன். எவன் கேட்கப்போகிறான். வருடா வருடம் எங்கள் தெருவே டயர் கொளுத்தித்தான் விடிகிறது.

நாளை மறுநாள் வருகிறார். புது டியூப் மாட்டிவிட்டேன், மேல் அச்சை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

11 ஜனவரி, ஞாயிறு

வந்துவிட்டார். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பெட்ஷீட் மூட்டை. இளைத்துவிட்டார்.

படியில் ஏறும்போதே ராணியம்மாள் நன்றாக மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒன்னுமே வரலயே! நெஜமா நீதானா?" என்றார். நானும் கிட்டப் போய் முகர்ந்தேன். வெறும் சோப்பு. யாரோ ஒரு ஆள் மாதிரி இருந்தது. மூன்று மாதம் ஒரு நாற்றச் சட்டையோடு குடித்தனம் பண்ணினவளுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், வெளியே சொல்லவா முடியும்?

இந்த வருடம் பனி ஜாஸ்தி, மல்லி எங்கும் இல்லை. காக்கட்டான் பூதான் கிடைத்தது. வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பூவைப் பார்த்தார். நன்றாக இழுத்து மூச்சு விட்டார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

"பரவால்ல" என்றேன்.

"பரவால்லன்னு சொல்லாதமே" என்றார். கண் கலங்கியிருந்தது. கட்டிலில்தான் படுத்தார். சுவர் ஓரமாக, ஒரு முழம் தள்ளி.

14 ஜனவரி, புதன்

போகி. மணி ஆறாகவில்லை. பனிக்காக ஜன்னல் கதவெல்லாம் நானே இறுக்கிச் சாத்தி வைத்திருந்தேன். விழிப்பு வந்தும் அப்படியே படுத்திருந்தேன். தெருவில் மேளச் சத்தம். கொஞ்ச நேரத்தில் புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வரத் தொடங்கியது. வழக்கமான சனியன். எழுந்து போய்க் கத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தார். கண் திறக்கவில்லை.

"எவன்டா அவன் டயர கொளுத்தறவன்..."

சொல்லிவிட்டுப் போர்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பார்த்துச் சொல்லவில்லை. இருட்டு, கண் மூடியிருக்கிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது. உலுக்கி எழுப்பினேன். "இன்னா சொன்னீங்க? இப்ப இன்னா சொன்னீங்க?"

"டயரு எரியுது... பழைய டயரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். போர்வையை எடுத்துப் போட்டுவிட்டுப் புகையை இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கீழே ராணியம்மாள், "டயரு போடாதீங்கடா, டீச்சர் திட்டும்!" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

தலையை அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "இது?"

ரொம்ப நேரம் ஆயிற்று. "பூவு" என்றார்.

"அது பாத்தா தெரியும். இன்னா பூவு?"

"காலைலயே பரீட்ச வெக்காத டீச்சர்" என்று மறுபடி கூந்தலில் முகத்தை வைத்தார். "மல்லி இல்ல... லேசா வருது... காக்கட்டானா?"

நேற்று சாயங்காலம் வைத்த பூ, பாதி வாடியிருந்தது. சரியாகச் சொன்னார்.